அறுபத்து மூன்று முடியும் முன்

செப்டம்பர் 28, 2025

வருகிற ஜனவரியில் எனக்கு 63 வயது நிறைவடைகிறது. 67 வரை பொறுத்திருந்தால் அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டியில் மாதம் 2,000 டாலர் கிடைக்கும். ஜனவரியிலேயே கேட்டால் கால் பங்கு குறைந்து 1,500. எனக்கு மட்டும் என்றால் காத்திருப்பேன். ஆனால் பெரியவளுக்கு 16 வயது, சின்னவனுக்கு 13. நான் ஓய்வூதியம் வாங்கத் தொடங்கினால்தான் என் கணக்கில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

அக்டோபர் 3

வேலையை விடுவதைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. 65 வயதில் வரும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் எனக்கு மட்டுமே. பிள்ளைகளின் மருத்துவக் காப்பீடு என் வேலையில் இருக்கிறது.

அக்டோபர் 11

இரவு முழுவதும் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும், 67 வயதில் எனக்குக் கிடைக்கும் முழுத்தொகையில் பாதி வரை உண்டு. நான் முன்கூட்டியே வாங்குவதால் என் தொகைதான் குறையும், அவர்களுடையது அதனால் குறையாது. ஆனால் ஒரு குடும்பத்துக்கு மொத்தமாக இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இருப்பதால், இருவருக்கும் சேர்த்து ஏறத்தாழ 1,500 டாலர்தான் வரும். பெரியவள் பள்ளி முடித்து விலகியதும் சின்னவனின் பங்கு 1,000 வரை உயரும். என்னுடையதையும் சேர்த்தால் மாதம் 3,000. வீட்டுக் கடனையும் இரண்டு பிள்ளைகளின் செலவையும் சம்பளத்தை மட்டும் வைத்து இழுத்துக்கொண்டு போகிற எங்களுக்கு இது சிறு தொகை அல்ல.

அக்டோபர் 15

வேலை செய்துகொண்டே ஓய்வூதியம் வாங்குவோருக்கு அடுத்த ஆண்டுக்கான வருமான வரம்பு இன்று தெரிந்திருக்க வேண்டும். அரசு முடங்கிக் கிடப்பதால் அறிவிப்பு வரவில்லை.

அக்டோபர் 24

வந்துவிட்டது. 23,400 ஆக இருந்த வரம்பு 2026இல் 24,480 ஆகிறது. 67 வயது நிறையும் ஆண்டுக்கு முன்புவரை, வரம்புக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு இரண்டு டாலருக்கும் ஒரு டாலரை நிறுத்தி வைப்பார்கள். என் சம்பளம் சுமார் 54,500. ஆகவே 15,000 டாலர் நிறுத்தப்படும். ஆண்டின் முதல் ஐந்து மாதங்களுக்கு எங்கள் மூவருக்கும் எதுவும் வராது.

அக்டோபர் 26

மூவருக்கும் என்பதுதான் மனத்தை அறுக்கிறது. சம்பாதிப்பவன் நான், ஆனால் பிள்ளைகளின் பங்கும் சேர்ந்து நிற்கிறது. எனக்கு நிறுத்திய மாதங்களை 67 வயதில் கணக்கில் எடுத்து என் தொகையை உயர்த்துவார்கள். பிள்ளைகளுக்கு நிறுத்தியதை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். அதற்குள் அவர்கள் வளர்ந்திருப்பார்கள். இருந்தாலும் மீதி ஏழு மாதங்களின் 21,000 இருக்கிறது. காத்திருந்தால் அதுவும் இல்லை.

நவம்பர் 2

இன்று என் மனைவியை நினைத்துப் பயந்தேன். என்னைவிட எட்டு வயது இளையவள்; எனக்குப் பின் என் தொகையை நம்பித்தான் பல ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கலாம். நான் முன்கூட்டியே வாங்கினால், கடைசியாக நான் பெற்றுக்கொண்டிருந்த தொகை அல்லது என் முழுத்தொகையில் 82.5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதற்கு மேல் அவளுக்குக் கிடைக்காது. அதாவது 2,000 கிடைக்க வேண்டிய இடத்தில் 1,650 ஆகக் குறையலாம். 70 வரை பொறுத்தால் அதே தொகை 2,480 ஆகியிருக்கும். பிள்ளைகளின் சில ஆண்டுகளுக்காக அவளுடைய முதுமையிலிருந்து எடுக்கிறேனா?

நவம்பர் 9

பெரியவள் கல்லூரிகளின் பட்டியலைக் காட்டினாள். ஒரு காலத்தில் கல்லூரி மாணவர்களுக்கும் 22 வயது வரை இந்தப் பணம் கிடைத்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் படிப்படியாக நிறுத்தியது. இப்போது 18 வயது வரை, பள்ளியில் முழுநேரம் படித்துக்கொண்டிருந்தால் 19 வரை. செலவு கூடுகிற நேரத்தில் உதவி நின்றுவிடுகிற இந்த ஏற்பாடு அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

நவம்பர் 16

மனைவியிடம் எல்லா எண்களையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எனக்கு வேலை இருக்கிறது, இன்னும் பத்து ஆண்டுகள் சேமிப்பேன். பெரியவளுக்கு இந்த வீட்டில் இரண்டு வருடம்கூட இல்லை. நீங்கள் போடுங்கள்.” பிள்ளைகளின் பணம் வரும் மாதங்களில், வீட்டுச் செலவில் மிச்சமாவதை அவள் பெயரில் போட்டுவைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். முதலில் மறுத்தாள், பிறகு ஒப்புக்கொண்டாள்.

நவம்பர் 20

விண்ணப்பித்துவிட்டேன்.

நவம்பர் 23

ஒப்புதல் கிடைத்த 12 மாதங்களுக்குள் விண்ணப்பத்தை ஒரே ஒரு முறை திரும்பப் பெறலாம். பிள்ளைகள் வாங்கியதையும் சேர்த்து முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும். செலவாகிவிட்ட பணத்தை எங்கிருந்து கட்டுவது? திரும்பப் பெறப்போவதில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

டிசம்பர் 4

பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைக் கேட்டிருக்கிறார்கள். சின்னவனுடையது கிடைத்துவிட்டது.

டிசம்பர் 6

பெரியவளுடையதும் கிடைத்தது. திங்களன்று விடுப்பு எடுத்துக்கொண்டு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தபாலை நம்பி ஜனவரியைத் தவறவிட எனக்கு மனமில்லை.