தனி ஆவர்த்தனம் வாசித்தது நான்தான்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் ராம நவமிக்கு நான் மிருதங்கம் வாசித்த கச்சேரி, கட்டணம் கட்டிப் பார்க்கும் தளம் ஒன்றில் விற்பனைக்கு வந்திருப்பதை மாணவன் சொல்லித்தான் அறிந்தேன். பாட்டு நின்று தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தை மட்டும் நறுக்கித் தனி வீடியோவாகவும் போட்டிருந்தார்கள். அதில் பாடகர் பெயர்தான் இருந்தது. அந்த நேரம் முழுவதும் அவர் தாளம் மட்டுமே போட்டார்!

சபா செயலாளரிடம் கேட்டேன். “தியாகராஜர் கீர்த்தனைக்கு யார் உரிமை கொண்டாட முடியும்? ஒலிப்பதிவும் எங்கள் செலவு” என்றார். இரண்டும் சரிதான். ஆனால் சாகித்தியத்தின், அதாவது இயற்றிய பாட்டின், உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு, வாசித்தவனின் உரிமை வேறு. இந்த மூன்றாவது, 1994 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வந்து, 2012இல் 38ஏ, 38பி பிரிவுகளால் வலுப்பெற்றது. நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள் நீடிக்கும். பெயர் குறிப்பிடச் சொல்லும் உரிமையும் உண்டு. நிகழ்த்துவோர் யார் யார் என்ற சட்டத்தின் பட்டியலில் பாம்பாட்டிக்கே இடமிருக்கிறது. பக்கவாத்தியக்காரனுக்கு இல்லாமல் போகுமா?

ஜெயநகர் வக்கீல் முதலில் கேட்டது, “ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா?” என்றுதான். வாட்ஸ்அப்பில் தேதி, நேரம், சன்மானத் தொகை, அவ்வளவே. “அதுவே நல்லது” என்றார். உரிமையை எழுதிக் கொடுப்பதானால் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டுமாம். அதிலும் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டுகள், எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும்.

சபாவுக்கு அனுப்பிய நோட்டீஸுக்குப் பதில் இல்லை. பிறகு தளத்துக்கே அனுப்பினோம். 2013ஆம் ஆண்டு பதிப்புரிமை விதிகளின்படி 36 மணி நேரத்துக்குள் முடக்க வேண்டும். 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி திறந்துகொள்ளலாம். வாசித்தது நான்தான் என்பதற்கு அழைப்பிதழையும், சன்மானம் வந்த வங்கிக் கணக்குப் பதிவையும் இணைத்தோம். வீடியோ இறங்கியது. செயலாளர் தாமாகவே போன் செய்தார்.

சங்கடம் பாடகரால் வந்தது. “அண்ணா, என் பாட்டும் சேர்ந்து போய்விட்டதே. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். அவருக்கும் இதே உரிமை உண்டு, சபா அவரிடமும் எழுதி வாங்கவில்லை என்று விளக்கினேன். ஒப்புக்கொண்டார், ஆனால் குரலில் பழைய இணக்கம் இல்லை. மேடைக்கு அழைப்பவரே பாடகர்தான் என்னும்போது, பக்கவாத்தியக்காரர்கள் வாய் திறக்கத் தயங்குவது எனக்குப் புரிகிறது.

நீதிமன்றம் போகாமலே முடிந்தது: மூன்று ஆண்டு அனுமதி, எல்லோர் பெயரும், வருமானத்தில் பங்கு. இந்த ஆண்டு அந்த சபாவிலிருந்து எனக்கு அழைப்பு இல்லை. வயலின்காரருக்கு வந்திருக்கிறது, ஒப்பந்தத்தின் நகலை என்னிடம் வாங்கிக்கொண்டுதான் போயிருக்கிறார்.