இரண்டு வாங்கினால் நான்கு

திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் கணக்கு எளிது. இரண்டு கிலோ விதைநெல் வாங்கினால், அடுத்த வருடம் நான்காகத் திருப்ப வேண்டும். திருப்புவது இரட்டிப்புதான், முகம் சுளித்தவரை நான் பார்த்ததில்லை. பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் வளர்த்த ஏற்பாடு. 2018-ல் அவர் மறைந்த பிறகும் தொடர்கிறது.

நான் எடுத்தது காட்டுயானம் என்ற பாரம்பரிய நெல். யானையே மறையும் உயரம் என்பார்கள். சுமார் 180 நாள் பயிர். "ஆறு மாசம் நிலத்தை அடைச்சு வைக்கப் போறியாம்மா?" என்றார் மாமனார். மார்கழி மழையில் பாதி சாய்ந்துவிட்டது. சரி, அது சாப்பாட்டுக்கு. நிமிர்ந்து நின்றதில் கலப்பில்லாத கதிராகப் பார்த்துப் பார்த்து அறுத்து, நான்கு கிலோவைத் தனியாகக் கட்டினேன்.

அப்புறம் பார்த்தால் மூட்டை கனக்கிறது. மாமனார் கூடுதலாக ஒரு படி போட்டிருக்கிறார், பக்கத்து வயல்காரர் விதை கேட்டாராம்.