நீலம் ஏன் என்று கேட்டபிறகு ஆண்டுகள் மறக்கவில்லை

குரூப் 2 தேர்வுக்கு முதல் முறை படித்தபோது கண்டுபிடிப்பு, கண்டுபிடித்தவர், ஆண்டு என்று மூன்று கட்டம் போட்டு ஒரு நோட்டையே நிரப்பியிருந்தேன். பாம்பனில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தினமும் சத்தமாக ஒப்பிப்பேன். தேர்வில் காலவரிசைப்படுத்தச் சொல்லும் கேள்வியைப் பார்த்ததும் எல்லா ஆண்டும் கலங்கிப்போனது. அந்த முறை தேறவில்லை.

என் படிப்பை மாற்றியது ஒரு கூலிங் கிளாஸ். வெளிநாட்டிலிருந்து வந்த அண்ணன் போலராய்டு கண்ணாடி கொண்டுவந்தான். அதைப் போட்டுக்கொண்டு பாலத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர்மேல் கண்ணைக் கூசும் மினுமினுப்பு அடங்கியது. நீலம் மட்டும் போகவில்லை, இன்னும் அடர்ந்தது.

இயற்பியலாளர் சி.வி. ராமன் செய்ததும் இதுதானே என்று அங்கேயே பிடிபட்டது. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று இங்கிலாந்து இயற்பியலாளர் ரேலே சொல்லியிருந்தார். 1921-ல் ஐரோப்பா போய்க் கப்பலில் திரும்பிய ராமன், போலராய்டு கண்ணாடி போலவே கூச்சத்தை வடிகட்டும் நிக்கோல் பட்டகம் என்ற படிகத்தால் மேற்பரப்பின் பிரதிபலிப்பை விலக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதினார். (நீர் சிவப்பொளியை உறிஞ்சுவதும் ஒரு முக்கியக் காரணம் என்று இன்று சொல்கிறார்கள்.) அந்தக் கேள்வியை விடாமல் கல்கத்தாவில் திரவம் திரவமாகச் சோதித்தார். கூடவே நின்றவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவு (சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதியின் நிறம் மாறுவது), 1930-ல் நோபல். இந்த மூன்று ஆண்டுகளை நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

அதன்பிறகு எதைப் படித்தாலும், அதற்கு முன் என்ன நம்பினார்கள், அந்த நம்பிக்கை எங்கே இடறியது என்று பார்த்துக்கொண்டேன். 1820-ல் மின்சாரம் ஓடும் கம்பியருகே காந்த ஊசி அசைவதை ஓர்ஸ்டெட் கண்டார். அப்படியானால் காந்தத்திலிருந்து மின்சாரம் வராதா என்று தேடிய ஃபாரடேக்கு 1831-ல் விடை கிடைத்தது. அதைச் சமன்பாடுகளாக்கிய மாக்ஸ்வெல் மின்காந்த அலை உண்டென்றார், ஹெர்ட்ஸ் அதைச் செய்து காட்டினார், மார்க்கோனி 1901-ல் அட்லாண்டிக்கைத் தாண்டி அனுப்பினார். இன்று விசைப்படகில் இருக்கும் வயர்லெஸ் வரை ஒரே கயிறு. ஒன்று இல்லாமல் அடுத்தது இல்லை என்பதால் வரிசை மாறவே மாறாது. எக்ஸ் கதிர் 1895, கதிரியக்கம் 1896, எலக்ட்ரான் 1897, ரேடியம் 1898. இதையும் அப்படியே கோத்துக்கொள்ளலாம்.

தேர்வுக் கேள்வியின் சொல்லை நிதானமாகப் படியுங்கள். ஆக்சிஜனை ஷீலே, பிரீஸ்ட்லி இருவரும் தனித்தனியே கண்டறிந்தார்கள், பெயரிட்டவர் லவாசியே. ஐன்ஸ்டைனின் 1921 நோபல் ஒளிமின் விளைவுக்கு, சார்பியலுக்கு அல்ல. ராமனின் அண்ணன் மகன் சந்திரசேகர் 1930-ல் இங்கிலாந்து போகும் வழியில் கப்பலில் போட்ட கணக்குதான் சந்திரசேகர் எல்லையின் (வெள்ளைக் குள்ள விண்மீனின் நிறை தாண்ட முடியாத வரம்பு) தொடக்கம், நோபல் வந்ததோ 1983-ல். கண்டுபிடித்த ஆண்டையும் பரிசு பெற்ற ஆண்டையும் குழப்பித்தான் நிறையப் பேர் மதிப்பெண்ணை விடுகிறோம்.

படித்ததை வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமிக்கு நீரோட்டம் வேகமாவது ஏன் என்று 1687-ல் நியூட்டன் சொன்ன காரணத்தை, அதாவது சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுப்பதை, அப்பாவிடம் விளக்கினேன். வலையைச் சரிசெய்துகொண்டே கேட்டவர், “அப்ப அட்டமி நவமிக்கு ஏம்மா நீரு மந்தமாயிருது?” என்றார். சூரியனும் நிலாவும் அப்போது ஒன்றுக்கொன்று செங்குத்துத் திசையில் இழுக்கின்றன என்று பதில் சொல்ல, நான் மறுநாள்வரை புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது.