மூட்டுவலிக்கு ஓபியாய்டு: மருந்துக் குறிப்பேட்டிலிருந்து

ஜூன் 2, 2025

டிராமடால் என்ற ஓபியாய்டை (அபின் வகையைச் சேர்ந்த வலி மருந்து) எழுதும் முன் இது எந்த மூட்டுவலி என்று பார்த்தாக வேண்டும். காலையில் எழுந்து ஒரு மணி நேரம் ஆகியும் விரல்கள் மடங்கவில்லை, கணுக்கள் வீங்கியிருக்கின்றன என்றால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்குத் தேவை மெத்தோட்ரெக்சேட் போல அழற்சியை அடக்கும் மருந்து. ஓபியாய்டு அழற்சியைத் தொடாது. வலி மட்டும் மரத்துப்போக, மூட்டு உள்ளுக்குள் அரிபட்டுக்கொண்டே இருக்கும்.

மூட்டுத் தேய்மானத்துக்கும் ஓபியாய்டு முதல் மருந்து அல்ல. தொடைத் தசைப் பயிற்சி, எடைக் குறைப்பு, மேலே தடவும் டைக்ளோஃபெனாக், மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி எல்லாம் முன்னால் நிற்கின்றன.

ஜூன் 5

2018-இல் வெளியான ஸ்பேஸ் ஆய்வை மறுபடி படித்தேன். நாள்பட்ட முதுகுவலி அல்லது இடுப்பு, முழங்கால் தேய்மான வலி உள்ள 240 பேர், 12 மாதங்கள். ஒரு பிரிவுக்கு ஓபியாய்டு, மற்றதற்கு ஓபியாய்டு அல்லாத மருந்துகள். அன்றாட வேலைகளைச் செய்வதில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. வலியின் கடுமையோ ஓபியாய்டு எடுக்காதவர்களுக்குத்தான் சற்றுக் குறைவு. கடைசியாகக் கையில் எடுக்கும் மருந்துதான் நன்றாகக் கேட்கும் என்று நம்புகிறவர்களுக்கு இதை நிதானமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஜூன் 6

வேறு வழி இல்லாதவர்களுக்கான தொடக்கம். முதியவர் என்றால் டிராமடால் 25 மி.கி. போதும்; மூன்று நாளுக்கு ஒருமுறை 25 கூட்டலாம். சாதாரண மாத்திரையில் ஒரு நாள் உச்சம் 400 மி.கி., 75 வயதைத் தாண்டியவர்களுக்கு 300. வலிப்பு நோய் இருந்தால் வேண்டாம்.

மனச்சோர்வு மாத்திரை எடுக்கிறாரா என்று கேட்காமல் விடக் கூடாது. ஃப்ளூவாக்ஸ்டீன், பராக்ஸ்டீன் இரண்டும் டிராமடாலை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியைத் தடுத்துவிடும். வலி குறையாது, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோடோனின் என்ற வேதிப்பொருள் மட்டும் ஏறும்: நடுக்கம், வியர்வை, படபடப்பு. ‘மருந்து கேட்கவில்லை’ என்று அளவைக் கூட்டினால் நிலைமை மோசமாகும்.

தூக்க மாத்திரை, மது, உறக்கத்தில் மூச்சுத் தடை: இவற்றில் ஒன்று இருந்தாலும் மூச்சு அடங்கும் ஆபத்து கூடுகிறது. பாராசிட்டமால் கலந்த மாத்திரை என்றால் காய்ச்சலுக்குத் தனியாகப் போடுவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

ஜூன் 14

குமட்டலும் கிறக்கமும் ஓரிரு வாரத்தில் உடம்புக்குப் பழகிவிடும். மலச்சிக்கல் பழகவே பழகாது. குடல் சுவரிலும் ஓபியாய்டு ஏற்பிகள் உண்டு. மருந்து அங்கே ஒட்டியதும் குடல் அசைவு மந்தமாகி, மலத்திலுள்ள நீர் வற்றுகிறது. நார்த்தூள் மட்டும் கொடுத்தால் அசையாத குடலில் பொதி ஏற்றியது போலாகும். முதல் மாத்திரையோடு சென்னா போன்ற குடலைத் தூண்டும் மருந்தையும் தொடங்கிவிடுவதே சரி.

ஜூன் 23

தோலில் ஏழு நாள் ஒட்டியிருக்கும் புப்ரெனார்ஃபின் (இதுவும் ஓபியாய்டுதான்) பேட்ச் பற்றி. மணிக்கு 5 மைக்ரோகிராம் தான் தொடக்கம். மேல்கையின் வெளிப்பக்கம், மேல்மார்பு, மேல்முதுகு ஆகிய இடங்களில் ஒட்டலாம். சோப்பு வேண்டாம், வெறும் தண்ணீரில் துடைத்து நன்றாக உலர விட வேண்டும். முடி இருந்தால் கத்தரிக்கலாம், மழிக்கக் கூடாது. மழித்த தோல் மருந்தைக் கூடுதலாக உறிஞ்சும். ஒட்டியபின் உள்ளங்கையால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் ஓரம் கிளம்பாது. அதே இடத்துக்கு மூன்று வாரம் கழித்தே திரும்ப வேண்டும்.

வெந்நீர்ப் பையை அதன்மேல் வைத்தால் மருந்து வேகமாக இறங்கிவிடும். மூட்டுவலிக்காரர்கள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காத நாளே இல்லை என்பதால் இதை இரண்டு முறை சொல்லலாம். மூன்று நாள் ஆகும் முன் பலனை எடைபோடக் கூடாது.

ஜூலை 4

நான்காவது வார மதிப்பீடு. ‘பத்துக்கு எத்தனை வலி’ என்ற கேள்வி மட்டும் போதாது. படி ஏற முடிகிறதா, ராத்திரி எத்தனை முறை விழிப்பு, தடுமாறி விழுந்தாரா? தொடங்கும்போது எழுதிவைத்த இலக்கு நகரவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் இறக்குவதே நல்லது.

ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவருக்கு மாதம் 10 சதவீதம் குறைத்தாலே போதும். சட்டென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், பேதி, தூக்கமின்மை, அதோடு உடம்பெல்லாம் வலி வரும். இதைப் பழைய மூட்டுவலி திரும்பிவிட்டது என்று எண்ணிப் பலர் மறுபடி மாத்திரைக்குப் போகிறார்கள். இடைவெளி விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. அதனால் இறக்கத் தொடங்கும் நாளிலேயே மிச்ச மாத்திரைகளை எண்ணி அவரிடமிருந்து திரும்ப வாங்கிவிட வேண்டும்.