மெஷின் மேல் கிடந்த சேலை

அக்கா சங்கத்தில் கடன் வாங்கித் தையல் மெஷின் வாங்கியபோது வீட்டில் எல்லோருக்கும் பெருமை. நாங்கள் தருமபுரி பக்கம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் முதலில் தொடங்கியது இங்கேதான், அதனால் சங்கக் கூட்டம், சேமிப்பு, தவணை எல்லாம் அம்மா காலத்திலிருந்தே பழக்கம். ஒரு வருஷம் நன்றாக ஓடியது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மெஷின் நின்றுவிட்டது. பழைய சேலை ஒன்றைப் போட்டு மூடியிருந்தாள், அதன்மேல் மடிக்காத துணி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது, ஊசியில் கோத்த சிவப்பு நூல் மாதக்கணக்கில் அப்படியே தொங்கியது.

கேட்டால் "தலை பாரமா இருக்கு" என்பாள், அவ்வளவுதான். ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அத்தை மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். தவணை தவறியதும் சங்கத்தில் சோம்பேறி என்று பேச்சு வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை, "உட்கார்ந்தே இருந்தா அப்படித்தான்கா, நாலு ஜாக்கெட் தைச்சா சரியாயிடும்" என்றேன். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட நர்சம்மாதான் கேட்டார்: "குழந்தை தூங்கும்போதாவது உனக்குத் தூக்கம் வருதாம்மா?" அக்கா பதில் சொல்லவில்லை, அழ ஆரம்பித்தாள், வெகுநேரம் அழுதாள். அவர் சொல்லித்தான் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்றார். மாத்திரை இலவசம்தான், ஆனால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், கொஞ்சம் தெளிந்ததும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 1,000 ரூபாய், எல்லாமே வேண்டியதுதான், அந்தப் பணத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் கடன் இருந்து, மெஷின் இருந்து, கைத்தொழிலும் இருந்து, காலையில் எழுந்து தலைவாரிக்கொள்ளக்கூட அக்காவால் முடியவில்லையே! மனசை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசியில் வைத்திருக்கிறோம், அதுதான் முதலில் வர வேண்டியது.

பிள்ளைகள் விஷயத்திலும் இதேதான். பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் மார்க் எவ்வளவு என்று கேட்க ஊரே வருகிறது, சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்க ஆளில்லை. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எங்கள் தெருவில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

போன கூட்டத்தில் வரவு செலவு படித்து முடித்ததும் அக்கா தன் கதையைத் தானே சொன்னாள். யாரும் எதுவும் பேசவில்லை. கலைந்து போகும்போது பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா மட்டும் வந்து, "அந்த டாக்டர் எந்தக் கிழமை இருப்பாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.