நேரத்தைக் குறைத்தது காலா, கருவியா?

பத்து மீட்டர் ஓட்டத்தில் ஒரு வீராங்கனையின் நேரம் சென்ற மாதம் 1.92 நொடி. இந்த மாதம் 1.85. பயிற்சி பலித்துவிட்டதென்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் சென்ற முறை அவர் முதல் டைமிங் கேட்டுக்கு (ஒளிக்கற்றை மறிக்கப்படும் கணத்தைக் குறிக்கும் கருவி) 30 சென்டிமீட்டர் பின்னால் நின்று கிளம்பியிருக்கிறார். இந்த முறை 50 சென்டிமீட்டர். ஒரு ஜாண் தள்ளி நின்றதே அந்த 0.07 நொடியில் பெரும்பங்கைக் கொடுத்துவிடும். உடல் ஒளிக்கற்றையை மறிக்கும் கணத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பின்னால் தள்ளி நின்றால், அந்தக் கணம் வருவதற்குள் உடல் வேகம் பிடித்துவிடும். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்த முதல் உதைப்பு, அதாவது ஓட்டத்தின் மிக மெதுவான பகுதி, கணக்கிலேயே வராது.

விளையாட்டுப் பயிற்சியில் அளவீட்டு வேலை செய்பவர்களுக்குத் தினமும் எதிரே வரும் கேள்வி இதுதான்: எண் மாறியிருக்கிறது, மாறியது வீரரின் உடலா, அளந்த விதமா? கருவிகளால் பயிற்சி மேம்படுவது உண்மை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத இடத்தில், அதே கருவிகள் நல்ல பயிற்சித் திட்டத்தைக் கலைத்தும் விடுகின்றன.

டைமிங் கேட்டையே இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். கதிர் ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். எல்லாக் கேட்டுகளிலும் ஒரே உயரம். ஒற்றைக் கதிர் கேட்டில், முன்னே வீசிய கையோ உயர்ந்த முழங்காலோ உடலுக்கு முன்பே கதிரை வெட்டிவிடும். ஒரு முறை கை வெட்டும், அடுத்த முறை மார்பு வெட்டும். இரண்டு ஓட்டங்களும் ஒன்றுபோல இருந்தாலும் நேரம் வேறாக வரும். இரட்டைக் கதிர் கேட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் மறிக்கப்பட்டால்தான் கணக்கு என்பதால் இந்தத் தொல்லை குறைவு. குனிந்து கிளம்புபவருக்குத் தொடக்கத்தில் தலை கதிரை வெட்டும், முடிவில் மார்பு வெட்டும். ஆகவே கிளம்பும் கோட்டைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்து, முன்காலின் நுனி அந்தக் கோட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும். பின்னால் சாய்ந்து ஆடிவிட்டு முன்னே பாய்வதை அனுமதிக்கக் கூடாது. இடையில் மூன்று நிமிட ஓய்வோடு மூன்று ஓட்டங்கள். காற்றும் தரையும் காலணியும் குறிப்பேட்டில்.

இந்த நேரத்தைப் போட்டி நேரத்தோடு சேர்த்துப் பார்ப்பதும் தவறு. போட்டியில் துப்பாக்கி ஒலித்ததுமே கடிகாரம் ஓடுகிறது. 2009-இல் பெர்லினில் உசைன் போல்ட் ஓடிய 9.58 நொடிக்குள் அவருடைய எதிர்வினை நேரமான 0.146 நொடியும் அடங்கியிருக்கிறது. கேட்டில் எதிர்வினை நேரமே கிடையாது. கையில் பிடிக்கும் ஸ்டாப்வாட்சின் சிக்கல் வேறு. தொடக்கத்தில் கட்டைவிரல் தாமதமாக அழுத்தும். முடிவில் ஓடிவருபவரைக் கண் முன்கூட்டியே பார்த்துவிடுவதால் அந்தத் தாமதம் இருக்காது. அதனால் கைநேரம் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். 100 மீட்டரில் கைநேரத்தை மின்நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்டிக்கொள்வது பழைய வழக்கம். போன வருடம் ஸ்டாப்வாட்ச், இந்த வருடம் கேட் என்று மாறினால், நன்றாக ஓடும் பிள்ளைகூட மெதுவாகிவிட்டதாகத் தெரியும். அந்தப் பிள்ளையிடம் அதை விளக்கிச் சொல்லாமல் விடுவது பெரிய அநியாயம்.

எம்பிக் குதிக்கும் சோதனையில் இன்னும் நுணுக்கமான ஏமாற்றம் இருக்கிறது. ஜம்ப் மேட் உயரத்தை நேரடியாக அளப்பதில்லை. பாதம் விரிப்பை விட்டுக் கிளம்பிய கணத்துக்கும் மறுபடி தொட்ட கணத்துக்கும் இடையிலான நேரத்தை எடுத்து, அதன் வர்க்கத்தை 9.81-ஆல் பெருக்கி எட்டால் வகுக்கிறது. அந்தரத்தில் 0.50 நொடி இருந்தால் உயரம் 30.7 சென்டிமீட்டர். 0.54 நொடி இருந்தால் 35.8. நூறில் நான்கு பங்கு நொடிக்கு ஐந்து சென்டிமீட்டர்! அந்த நான்கு பங்கைப் பெற உயரக் குதிக்க வேண்டியதே இல்லை, இறங்கும்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் போதும், பாதம் தாமதமாகத் தரையைத் தொடும். பிள்ளைகள் இதை வேண்டுமென்று செய்வதில்லை. சோர்ந்தாலும், முழங்காலில் வலி இருந்தாலும் தானாகவே மடங்கும். சோர்ந்த நாளில் எண் உயர்வது இப்படித்தான். கை இரண்டும் இடுப்பில், கிளம்பும்போதும் தொடும்போதும் கால் நீட்டியபடி, விரல்நுனி முதலில் தரையில். இப்படி இல்லாத குதிப்பை அழித்துவிட்டு மறுபடி குதிக்கச் சொல்ல வேண்டும்.

ஏறி நின்று குதிக்கும் விசையளவுத் தட்டு, அதாவது ஃபோர்ஸ் பிளேட் இருந்தால் நிலைமை மேல். நொடிக்கு ஆயிரம் முறை தரைவிசையை அளப்பதால் குதித்த உயரம் மட்டுமல்ல, குதித்த விதமும் தெரிகிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. யாரும் ஏறாத நிலையில் பூஜ்யம் ஆக்க வேண்டும். ஏறியபின் குறைந்தது ஒரு நொடி அசையாமல் நிற்க வேண்டும். அந்த ஒரு நொடியில்தான் கருவி உடல் எடையை எடுத்துக்கொள்கிறது. அப்போது ஆடினால் எடை தவறும், எடை தவறினால் அதற்குப் பின் வரும் ஒவ்வொரு கணக்கும் தவறும். சரியாகச் செய்தால் கிடைப்பது அருமையான தகவல். கடினமான வாரத்துக்குப் பிறகு ஒருவர் அதே 35 சென்டிமீட்டர் குதிப்பார். ஆனால் முன்பு 0.70 நொடியில் தாழ்ந்து எழுந்தவர் இப்போது 0.85 நொடி எடுத்துக்கொள்வார். உயரம் மாறவில்லை, அதை எட்ட அதிக நேரம் தேவைப்படுகிறது. உயரத்தை மட்டும் பார்ப்பவருக்கு அந்தச் சோர்வு கண்ணில் படாது.

கருவியின் சொந்த ஆட்டம் எவ்வளவு என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு பேரை இரண்டு மூன்று நாள் இடைவெளியில், இடையே கடும் பயிற்சி எதுவும் இல்லாமல், அதே நேரத்தில், அதே முன்தயாரிப்போடு இருமுறை சோதித்தால் போதும். ஒவ்வொருவரின் வித்தியாசத்தையும் எடுத்து, அந்த வித்தியாசங்களின் திட்டவிலக்கத்தை (அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) இரண்டின் வர்க்கமூலத்தால், அதாவது 1.41-ஆல் வகுத்தால், அந்தச் சோதனையின் வழக்கமான பிழை கிடைக்கும். அது 0.03 நொடி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒருவரிடம் தெரியும் 0.03 நொடி மாற்றம் ஒரு செய்தியே இல்லை. 95 சதவீத உறுதியோடு உண்மையான மாற்றம் என்று சொல்ல அந்தப் பிழையின் ஏறக்குறைய 2.8 மடங்கு, அதாவது 0.08 நொடி, நகர்ந்திருக்க வேண்டும். களத்தில் அவ்வளவு கறாராக இருக்க முடியாது. ஒன்றரை இரண்டு மடங்கைத் தாண்டினால் கவனிக்கலாம், அடுத்த சோதனையிலும் அதே திசையில் இருந்தால் நம்பலாம்.

ஜிபிஎஸ் உடுப்புக்கு வருவோம். தோள்பட்டைகளுக்கு நடுவே பொருத்தும் அந்தச் சிறு பெட்டி பெரும்பாலும் நொடிக்குப் பத்து முறை இடத்தைப் பதிவு செய்கிறது. கூடவே உள்ள முடுக்கமானி வேக மாற்றத்தை நொடிக்கு நூறு முறை. உடை மாற்றும் அறையில் வைத்து ஆன் செய்தால் செயற்கைக்கோள்கள் கிடைக்காது. முதல் பத்து நிமிட ஓட்டம் கிறுக்கலாக வரும். பயிற்சி தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே திறந்த வெளியில் வரிசையாக வைத்து ஆன் செய்துவிட வேண்டும். உயர்ந்த பார்வையாளர் மாடத்தின் ஓரம் ஓடுபவருக்குச் சிக்னல் திணறும். நடுவில் ஆடுபவருக்கு அந்தத் தொல்லை இல்லை. பெட்டிக்குப் பெட்டி சிறு வித்தியாசம் உண்டு. அதனால் ஒருவருக்கு ஒரு பெட்டி என்று எண் எழுதி ஒட்டி, அதை மாற்றவே கூடாது. உடுப்பு தளர்ந்திருந்தால் பெட்டி துள்ளும். அந்தத் துள்ளலும் மோதலாகக் கணக்கில் ஏறும்.

மென்பொருள் புதுப்பிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேகத்தை மென்மையாக்கும் வடிகட்டியையோ, ஒரு பாய்ச்சலைக் கணக்கில் எடுக்கத் தேவையான குறைந்தபட்ச நேரத்தையோ புதிய பதிப்பு மாற்றிவிடும். அடுத்த நாள் முழு அணியின் வேகமெடுப்பு எண்ணிக்கையும் சரிந்திருக்கும். களத்தில் யாரும் சோம்பியிருக்க மாட்டார்கள். பருவத்தின் நடுவில் புதுப்பிக்கக் கூடாது. வேறு வழியில்லை என்றால் பழைய பதிவுகள் சிலவற்றைப் புதிய பதிப்பில் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

வேக எல்லையும் அப்படியே. மணிக்கு 19.8 கிலோமீட்டருக்கு மேல் அதிவேக ஓட்டம், 25.2-க்கு மேல் ஸ்பிரின்ட் என்பது பல அணிகளில் பழகிப்போன எல்லை. உச்ச வேகம் 34 உள்ளவருக்கு 25.2 என்பது 74 சதவீதம். உச்ச வேகம் 28 உள்ளவருக்கு அதுவே 90 சதவீதம். அறிக்கையில் இரண்டாமவர் 'ஸ்பிரின்ட் குறைவு' என்று வருவார். தொடையின் பின்தசை கிழியும் அளவுக்கு உழைத்தவர் அவராகத்தான் இருப்பார். அவரவர் உச்ச வேகத்தின் சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காத அறிக்கையை நம்பி யாருக்கும் கூடுதல் ஓட்டம் கொடுக்கக் கூடாது.

இதயத் துடிப்புக்கு மார்புப் பட்டைதான் நல்லது. மின்முனைகளை நனைத்துக் கட்ட வேண்டும். மணிக்கட்டுக் கடிகாரம் ஒளியால் அளக்கிறது. தளர்வாக இருந்தால் துடிப்பை விட்டுவிட்டு அடிவைப்பைப் பிடித்துக்கொள்ளும். பேசிக்கொண்டே ஓடும் முதல் நிமிடத்திலேயே 175 காட்டினால், அது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு. முப்பது நொடி வேக ஓட்டங்களுக்குத் துடிப்பை நம்பவே வேண்டாம். அது ஏறுவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும்.

கடும் உழைப்பில் இரத்தத்தில் ஏறும் லாக்டேட்டை அளக்கும் சோதனையில் வியர்வைதான் எதிரி. வியர்வையிலேயே லாக்டேட் நிறைய உண்டு. காதுமடலைத் துடைத்து, ஸ்பிரிட் காய்ந்தபின் குத்தி, முதல் துளியை ஒற்றி எறிந்துவிட்டு இரண்டாவது துளியை எடுக்க வேண்டும். லிட்டருக்கு 3 மில்லிமோல் இருக்க வேண்டிய இடத்தில் திடீரென்று 6 வந்தால், பயப்படுவதற்கு முன் துடைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். இதைவிட ஆழமான பொறி ஒன்று உண்டு. முந்தைய இரண்டு நாள் கடும் பயிற்சி, போதிய மாவுச்சத்து சாப்பிடாமை. தசையில் சேமித்த மாவுச்சத்தான கிளைகோஜன் குறைந்திருக்கும். அப்போது எல்லா வேகத்திலும் லாக்டேட் குறைவாகவே வரும், வேகத்துக்கு எதிரே லாக்டேட்டை வரைந்த வளைவு வலப்பக்கம் நகரும், தாங்குதிறன் கூடியதுபோலவே தெரியும். கிளைகோஜன் பற்றாக்குறையை முன்னேற்றம் என்று எண்ணி வேகத்தைக் கூட்டினால், அடுத்த வாரம் அந்த வீரர் படுத்துவிடுவார்.

எடைப் பயிற்சி அறையில் நிலைமை வேறு. பாரில் கட்டிய கம்பியிழுப்புக் கருவி ஒவ்வொரு தூக்கலின் வேகத்தையும் உடனே காட்டும். முதல் ஸ்குவாட் நொடிக்கு 0.75 மீட்டர், 20 சதவீதம் குறைந்து 0.60-க்கு வந்ததும் அந்தச் சுற்று நிறுத்தம். ஒருவர் ஐந்தில் நிற்பார், இன்னொருவர் எட்டில். அன்றைய உடல்நிலைக்கேற்பப் பயிற்சி தானே அளவாகிறது. எண்ணைக் கண்முன் பார்க்கும்போது இயல்பாகவே அதிக முனைப்போடு தூக்குகிறார்கள் என்பது தனி லாபம். கருவி வெறுமனே அளக்காமல் பயிற்சியையே மாற்றும் இடம் இது. எங்கள் பார்வையில் செலவுக்கு மிகச் சிறந்த பலன் இங்கேதான். கம்பி செங்குத்தாக இருக்க வேண்டும், ஒவ்வொரு தூக்கலும் முழு வேகத்தில் இருக்க வேண்டும். பாதி மனதோடு தூக்கினால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

வீடியோவுக்குக் கைபேசி போதும். வேக ஓட்டத்தில் பாதம் தரையில் இருப்பது ஏறக்குறைய 0.1 நொடி. நொடிக்கு 30 படம் என்றால் அதில் மூன்று படம்தான் சிக்கும். 240 என்றால் இருபத்து நான்கு. கேமரா ஓடுபாதைக்குச் செங்குத்தாக, பத்து மீட்டராவது தள்ளி, முக்காலியில். நீளம் அளக்க வைக்கும் கோல் ஓடுபவரின் பாதையிலேயே இருக்க வேண்டும். அருகிலுள்ள பாதையில் வைத்தால் அடிநீளம் தவறும்.

காலணியைக் குறித்து வைக்காத பதிவேடும் பாதிப் பதிவேடுதான். 2009 ரோம் உலக நீச்சல் போட்டியில் 43 உலக சாதனைகள் விழுந்தன. அதற்குப் பெரிதும் உதவிய பாலியூரிதேன் நீச்சலுடைகள் 2010 ஜனவரியில் தடை செய்யப்பட்டன. சாலை ஓட்டக் காலணியில் இன்று அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, விறைப்பான தகடு ஒன்றுதான் இருக்கலாம். அந்த எல்லைக்குள்ளும் காலணிக்குக் காலணி வித்தியாசம் அதிகம். பயிற்சியில் ஒன்று, சோதனையில் ஒன்று போட்டால் எதை அளந்தோம் என்றே தெரியாது.

இத்தனைக்கும் நடுவில் காசில்லாத ஒரு அளவீடு இருக்கிறது. பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள், "இன்று எவ்வளவு கஷ்டமாக இருந்தது, பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு, பதிலை நிமிடங்களால் பெருக்குவது. 60 நிமிடம், ஏழு என்றால் 420. தனியாகக் கேட்க வேண்டும். தோழர்கள் காதில் விழும்படி கேட்டால் எல்லோரும் ஒரே எண்ணைச் சொல்வார்கள். அதே தூரம், அதே வேகம், ஜிபிஎஸ்ஸில் எல்லாம் போன வாரம் போலவே. ஆனால் ஐந்து என்று சொல்லிவந்தவர் எட்டு என்கிறார். அந்த இடத்தில் கணினியை மூடிவிட்டுத் தூக்கம் எப்படி, காய்ச்சல் உண்டா, வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்பதுதான் அன்றைய வேலை.