9 ஊராட்சி, 67 கிராமம்

ஏற்காடு ஒன்றியத்தில் ஊராட்சிகள் 9. மலைக்கிராமங்கள் 67. நாடு முழுக்க பிராட்பேண்ட் என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த இரண்டு எண்தான். அரசு கேபிள் இழுக்கும் திட்டக் கணக்கு பெரும்பாலும் ஊராட்சி அலுவலகத்தோடு முடிந்துவிடும். எங்களுக்கு வேலையே அதற்கப்புறம்தான்.

எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே இதுதான் தொழில். அப்போது ஏற்காடு அடிவாரத்தில் டிஷ் போட்டு கேபிள் டிவி, இப்போது கண்ணாடி இழைக் கேபிளில் வரும் ஃபைபர் நெட். கீழே சேலம் கோரிமேட்டில் கொஞ்சம் வீடுகள், மலைமேல் கொஞ்சம் வீடுகள். கீழே கம்பத்துக்குக் கம்பம் வீடு. ஒரு தெருவுக்குக் கேபிள் இழுத்தால் போட்ட காசு சீக்கிரம் திரும்பி வந்துவிடும். மேலே அப்படியில்லை. ஊராட்சி அலுவலகத்தில் இருந்து சிற்றூருக்குப் போக காபி எஸ்டேட் நடுவே கிலோமீட்டர் கணக்கில் கேபிள் ஓட வேண்டும். வழியில் ஒரு வாடிக்கையாளரும் கிடையாது. ஊர் போய்ச் சேர்ந்தால் முப்பது, நாற்பது வீடு. அதில் எத்தனை பேர் மாசாமாசம் காசு கட்டுவார்கள்? தனியார் கம்பெனி எதுவும் தானாக அங்கே போகாததற்கு இந்தக் கணக்குதான் காரணம். அவர்களைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை.

அதனால்தான் அரசு இறங்க வேண்டியிருந்தது. 2011-ல் தேசிய ஆப்டிகல் ஃபைபர் நெட்வொர்க் என்று ஒப்புதல் வாங்கி, பிறகு பாரத்நெட் ஆன திட்டத்தின் இலக்கு சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகள். தமிழ்நாட்டில் அதை எடுத்துச் செய்வது மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட். இங்கே 12,525 ஊராட்சிகள். பெரும்பாலும் கரண்ட் கம்பம் வழியாகத்தான் கேபிள் போகிறது. மலைக்கு அது சரியான முடிவு என்பேன். இங்கே பள்ளம் தோண்டினால் பாறை.

ஆனால் கம்பம் வழியே போனால் சில்வர் ஓக் மரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். காபிக்கு நிழல், மிளகுக் கொடிக்குப் பிடிமானம் எல்லாம் அந்த மரம்தான். மழைக்கு முன்னால் எஸ்டேட்களில் கிளை கழிப்பார்கள். எங்களுக்கு அதுதான் போன் சீசன். "தம்பி, நெட் பெட்டியில சிவப்பு லைட் எரியுது" என்று காலையில் ஒரு வீட்டிலிருந்து வந்தால், மதியத்துக்குள் அந்த வரிசை முழுக்க வந்துவிடும். மீதி நாளில் குரங்கு பார்த்துக்கொள்ளும்.

அறுந்த இடத்தில் ஒட்டுவதைக் கீழே இருப்பவர்கள் பார்த்ததில்லை. கண்ணாடி இழையின் மொத்த கனமே 125 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான். தோலை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து, நேராக வெட்டி, இரண்டு முனையையும் ஸ்ப்ளைசிங் மெஷினில் வைத்தால் அது பொறி தட்டி உருக்கி ஒட்டும். ஒட்டில் வெளிச்ச இழப்பு 0.02 டிபி (டெசிபல்) என்று திரையில் காட்டினால் நிம்மதி. ஏற்காட்டு மூடுபனியில் அவ்வளவு லேசில் காட்டாது. முனையில் ஈரம் படிந்தால் மெஷின் எர்ரர் அடித்துக்கொண்டே இருக்கும். ஆம்னி வேன் கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் மெஷினை வைத்து ஒட்டிய ராத்திரிகள் நிறைய. இன்னொன்று, மலைக்கு வர 20 கொண்டை ஊசி வளைவு ஏறலாம். ஃபைபர் ஒரு கூர்மையான மடிப்பைக்கூடத் தாங்காது. கதவு நிலையில் ஒடித்து ஆணி அடித்தால் வெளிச்சம் அங்கேயே கசிந்துவிடும். வெளிச்சத்தின் பலத்தை அளக்கும் மீட்டரில் மைனஸ் 19 காட்டின வீடு மைனஸ் 30-க்குப் போய்விடும். மைனஸ் 27-க்குக் கீழே போனாலே பெட்டி திணற ஆரம்பிக்கும்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. எங்கள் கேபிள் ஒரே பாதையில் வருகிறது. அது போனதும் மேலே எல்லா வீட்டிலும் சிவப்பு விளக்கு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு சாலை உண்டு: அடிவாரம் வழி ஒன்று, குப்பனூர் வழி ஒன்று. இரண்டிலும் கேபிள் வந்து மேலே வளையமாகச் சேர்ந்துவிட்டால், ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் சுற்றி நெட் வந்துவிடும்.

2023 ஆகஸ்டில் ஒப்புதல் கிடைத்த திருத்திய பாரத்நெட்டை நான் கவனித்ததே இதற்காகத்தான். 1,39,579 கோடி என்ற தொகையைத்தான் எல்லாரும் பேசினார்கள். எனக்குப் பெரிதாகப் பட்டது உள்ளே இருந்த வேறு சில விஷயங்கள். ஒரே நீளமாக இழுக்காமல் வளையமாக இணைப்பது, 10 வருடப் பராமரிப்பையும் சேர்த்தே ஒப்பந்தம் போடுவது, ஊராட்சித் தலைமையிடம் அல்லாத கிராமமும் கேட்டால் கொடுப்பது, வீட்டு இணைப்பில் உள்ளூர் ஆளுக்கு வருமானப் பங்கு. இழுத்த கேபிளை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு முன்பே காசு ஒதுக்கினால்தான் மலையில் எதுவும் நிற்கும்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 கொள்கையில் 256 கேபிபிஎஸ், அதாவது ஒரு எம்பிபிஎஸ்ஸில் கால்வாசி, இருந்தாலே பிராட்பேண்ட். 2023-ல்தான் அதை 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். 2 எம்பிபிஎஸ்ஸை வைத்து ஹோம்ஸ்டேகாரர் என்ன செய்வார்? சாவி வாங்கும் முன்னாலேயே விருந்தாளிகள் வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறார்கள். சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் புது டிசைனை வீடியோ எடுத்து வடநாட்டு வியாபாரிகளுக்கு அனுப்புகிறார். இறக்கும் வேகம் (டவுன்லோடு) அவருக்குப் பொருட்டே இல்லை. ஏற்றும் வேகம்தான் (அப்லோடு) பிழைப்பு. விளம்பரத்தில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், கிடைத்தால் சொல்லுங்கள்.

சரி, மேலே இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கிளை கழிக்க ஆள் வரும் தேதியை முதல் நாளே எனக்குச் சொல்லிவிடுங்கள். அந்த நீளத்துக் கேபிளைக் கம்பத்திலிருந்து இறக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் ஏற்றிக்கொடுக்கிறேன். அதற்குக் காசு கிடையாது. அறுந்தால்தான் காசு.